மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கட்டு வழி என்றால் என்ன?

இதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, உடலின் ஏதாவது ஒரு தமனியில் நுழைந்து, கேத்தீட்டர் எனும் மெல்லிய குழாயை மகாதமனி வரை கொண்டுபோய், அங்கிருந்து சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். நுழையும் இடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தொடையிடுக்கில் உள்ள ஃபீமோரல் தமனி, அல்லது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்போமே, அந்த ரேடியல் தமனி. பலூனால் அடைப்பை விரித்து (ஆஞ்சியோபிளாஸ்டி) ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வைப்பதற்கும் இதே இரண்டு வழிகள்தான். எந்த வழியில் போனாலும் இதயத்துக்குள் நடக்கும் வேலை மாறுவதில்லை. மாறுவது நுழைவாயிலும் அங்கே வரக்கூடிய சிக்கல்களும்தான்.

தொடையை விட மணிக்கட்டு ஏன் மேல் என்கிறார்கள்?

முதல் காரணம் ரத்தக்கசிவு. ரேடியல் தமனி தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் படிந்து ஓடுகிறது. சுமார் 2 முதல் 3 மி.மீ. அகலம்தான். துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். விரலால் எலும்போடு சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். ஃபீமோரல் தமனி அப்படியல்ல. பெரியது, ஆழமானது. துளை சற்று மேலே, இடுப்புக்குள் போய்விட்டால் ரத்தம் வயிற்றின் பின்பகுதியில் சேரும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ரத்த அழுத்தம் விழுந்த பிறகே சந்தேகம் வரும். தொடை வழியில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். இதைத் தவிர தமனிச் சுவரில் போலிப் புடைப்பு உண்டாகலாம். தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிடலாம்.

மாரடைப்போடு வருபவருக்கு ஆஸ்பிரின், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலார், மேலும் ஹெபாரின் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் ஒரே நேரத்தில் உடலில் இருக்கும். அந்த நிலையில் பெரிய தமனியில் துளையிடுவதற்கும் சிறிய தமனியில் துளையிடுவதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல. அதனால்தான் மணிக்கட்டு வழியின் பலன் சும்மா பரிசோதனைக்கு வருபவரை விட மாரடைப்பு நோயாளியிடம் கூடுதலாகத் தெரிகிறது.

இரண்டாவது, வசதி. தொடை வழியில் செய்தால் காலை மடக்காமல் பல மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். முதுகுவலிக்காரருக்கும், படுத்தால் மூச்சு வாங்குபவருக்கும், புராஸ்டேட் வீக்கத்தால் படுத்தபடி சிறுநீர் கழிக்க முடியாதவருக்கும் அது பெரும்பாடு. மணிக்கட்டில் செய்தவர் சற்று நேரத்திலேயே எழுந்து உட்காரலாம், கழிவறைக்கு நடந்து போகலாம். சிக்கலில்லாத ஆஞ்சியோகிராம் என்றால் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

மிகவும் பருமனானவர்களுக்கும் மிகவும் ஒல்லியான முதியவர்களுக்கும் மணிக்கட்டு வழியில் லாபம் கூடுதல். முன்னவருக்குத் தொடைத் தமனியைக் கண்டுபிடிப்பதும் பிறகு அழுத்திப் பிடிப்பதும் சிரமம். பின்னவருக்குக் கசிவு அபாயமே அதிகம்.

உயிர் பிழைப்பதில் வேறுபாடு உண்டா?

மாரடைப்பு நோயாளிகளில் உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாமும் அல்ல. 2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 7,021 நோயாளிகள் இருந்தனர். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இரு வழிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நுழைவிட ரத்தநாளத்தில் பெரிய சிக்கல் மணிக்கட்டு வழியில் 1.4 சதவீதம், தொடை வழியில் 3.7 சதவீதம். 2015இல் வந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 பேர்; அதில் மரணம் 1.6 சதவீதத்துக்கு எதிராக 2.2 சதவீதம் என மணிக்கட்டு வழியில் குறைவாக இருந்தது. சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் குறைந்தது. மாறாக 2020இல் வெளியான சஃபாரி-ஸ்டெமி ஆய்வு உயிரிழப்பில் வேறுபாடு காணவில்லை. அதில் தொடைத் துளையை மூடும் கருவிகள் பரவலாகப் பயன்பட்டன, ரத்தக்கசிவைக் குறைவாக உண்டாக்கும் உறைதடுப்பு மருந்தும் கொடுக்கப்பட்டது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் இரண்டும், இந்த வழியில் பயிற்சி உள்ளவர் செய்யும்போது மணிக்கட்டையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கின்றன. பயிற்சி உள்ளவர் என்ற நிபந்தனையைத் தாண்டிப் படிக்கக் கூடாது. தொடை வழியில் நன்கு கைதேர்ந்தவரைக் கட்டாயப்படுத்தி, பழக்கமில்லாத வழியில் செய்யச் சொல்வதில் நோயாளிக்கு எந்த லாபமும் இல்லை.

இது புதிய முறையா?

இல்லை. கனடாவின் மான்ட்ரியலில் லூசியான் காம்போ 1989இல் ரேடியல் வழியாக 100 பேருக்கு ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனேய் 1992இல் இதே வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார். கேத்தீட்டர்களும் அவை உள்ளே போகும் உறைக்குழாய்களும் மெலிந்த பிறகே முறை பரவியது.

செய்முறை எப்படி நடக்கும்?

கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டுக்கு அடியில் சிறு சுருள் வைத்து லேசாகப் பின்னோக்கி வளைப்பார்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு முனையிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. மேலே தோலில் மரப்பு மருந்து போடுவார்கள். மருந்தின் அளவு குறைவாக இருப்பது நல்லது. நிறையப் போட்டால் தோல் புடைத்து நாடி கைக்கு அகப்படாது. மணிக்கட்டு மடிப்பின் மேலேயே துளையிடுவது தவறு: அங்கே தமனி கிளை பிரிந்து மெலிந்துவிடும், அழுத்திப் பிடிப்பதும் சிரமம்.

20 அல்லது 21 கேஜ் ஊசி தமனிக்குள் நுழைந்ததும் அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் ஷீத் எனும் உறைக்குழாய். கம்பி தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். எங்காவது முட்டினால் தள்ளக் கூடாது. சுவருக்குள் புகுந்திருக்கலாம் அல்லது சிறு கிளைக்குள் போயிருக்கலாம். நாடி மெலிந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்டு பார்த்தபடி ஊசி போட்டால் முதல் குத்திலேயே கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு தவறிய குத்தும் தமனியைச் சுருங்க வைப்பதால் இது வெறும் வசதி இல்லை.

ஷீத்தின் அளவை ஃபிரெஞ்சு என்ற அலகில் சொல்வார்கள். 1 ஃபிரெஞ்சு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பரிசோதனைக்கு 5, ஸ்டென்ட்டுக்கு 6 போதும். ஆனால் அந்த எண் உள்ளே போகும் கேத்தீட்டரின் அளவு. ஷீத்தின் சுவர்த் தடிமனும் சேர்ந்து வெளி விட்டம் இன்னும் அரை மில்லிமீட்டர் போலக் கூடும். 6 ஃபிரெஞ்சு ஷீத்தின் வெளி விட்டம் சுமார் 2.5 மி.மீ. தமனி அதைவிடச் சிறியதாக இருந்தால் சுவர் இழுபட்டு, பின்னால் அடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. சுவர் மெலிந்த ஷீத்கள் இதற்காகவே வந்தவை.

ஷீத் போனதும் அதன் வழியே 100 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின், அல்லது 2.5 முதல் 5 மி.கி. வெராபமில், அல்லது இரண்டும் செலுத்தித் தமனியைத் தளர்த்துவார்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள் அல்லது தவிர்ப்பார்கள். கூடவே ஹெபாரின்: உடல் எடையில் கிலோவுக்கு 50 யூனிட், பெரியவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 5,000 யூனிட். வெறும் படம் மட்டும் எடுப்பவருக்கும் ஹெபாரின் வேண்டும். மணிக்கட்டுத் தமனி அடைபடாமல் இருக்க அதுவே முதல் காவல்.

கைக்கு ரத்தம் போவது நின்றுவிடாதா?

கைக்கு இரண்டு பெரிய தமனிகள் ரத்தம் தருகின்றன: கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார். உள்ளங்கையில் இரண்டும் வளைவாக இணைகின்றன. ஒன்று அடைபட்டாலும் மற்றது தாங்கும். விரல் கருகும் அளவுக்குப் போவது மிக மிக அரிது.

முன்பெல்லாம் ஆலன் சோதனை செய்து, சரியில்லை என்றால் மணிக்கட்டு வழியைக் கைவிடுவார்கள். இரு தமனிகளையும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொல்லி, அல்நாரை மட்டும் விட்டால் எத்தனை விநாடியில் உள்ளங்கை சிவக்கிறது என்று பார்ப்பது அது. பின்னர் செய்த ஆய்வுகளில், சோதனையில் தோற்றவர்களின் கைகளுக்கும் பெரிய கேடு வரவில்லை. எனவே அந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து மறுப்பது இப்போது ஏற்கப்படுவதில்லை.

எந்தக் கை?

பெரும்பாலும் வலது கை. மருத்துவர் நோயாளியின் வலப்புறம் நிற்பதால் அவருக்கு அது வசதி. மருத்துவ ரீதியில் வலக்கைக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இடது மார்புத் தமனி இதயத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைப் படம் எடுக்க இடது கையே நேர்வழி. குள்ளமானவர்களிலும் 75 வயதைத் தாண்டியவர்களிலும் கைக்கு ரத்தம் கொண்டுவரும் வலப்பக்கக் கழுத்தடித் தமனி வளைந்து நெளிந்திருப்பது அதிகம். அங்கேயும் இடது கை வேலையைச் சுலபமாக்கும்.

யாருக்கு மணிக்கட்டு வழி ஒத்துவராது?

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) உள்ளவர்களுக்கு அந்தக் கையைத் தொடவே கூடாது. சிறுநீரகம் மோசமாகி விரைவில் டயாலிசிஸ் வரக்கூடும் என்ற நிலையில் உள்ளவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும் தமனியைச் செலவழித்துவிடக் கூடாது. பைபாஸுக்காக ரேடியல் தமனியை எடுத்துவிட்ட கை, நாடியே தட்டுப்படாத கை, குளிரில் விரல் தமனிகள் சுருங்கும் ரேனாட் நோய் கடுமையாக உள்ள கை, புகையிலையால் ரத்தக்குழாய் அடைபடும் பர்கர் நோய் உள்ள கை, மார்பக அறுவைக்குப் பின் வீங்கிய கை ஆகியவற்றிலும் தயங்குவார்கள். பெரிய கருவிகள் தேவைப்படும் சிகிச்சைகளுக்கும், ரத்த அழுத்தம் விழுந்த அதிர்ச்சி நிலையில் இதயத்துக்குத் துணைக்கருவி வைக்கவும் தொடை வழியே பொருத்தம்.

வார்ஃபாரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு மணிக்கட்டு வழி தடையல்ல. உண்மையில் அவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவது, அதுவும் செயற்கை வால்வு வைத்தவர் நிறுத்துவது, ஆபத்து.

போகும்முன் என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

மேலே சொன்ன கைப் பிரச்சினைகள், சாய ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு எந்தக் கையில் செய்தார்கள் என்பது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் சிறுநீரக நிலையைப் பொறுத்து அதை நிறுத்த வேண்டியிருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை இரண்டு கையிலும் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வலிக்குமா? நடுவில் கை இறுக்கிப் பிடிப்பதுபோல் வலித்தால்?

ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். வெராபமில் செலுத்தும்போது சில விநாடிகள் கை முழுதும் எரியும். அதன் பிறகு பொதுவாக வலி இருக்காது. முன்கையில் இறுக்கமாக, இழுப்பதுபோல் வலித்தால் அது பெரும்பாலும் ஸ்பாசம்: ரேடியல் தமனியின் சுவரில் தசை அதிகம் என்பதால் தொந்தரவு செய்தால் சுருங்கிக் கேத்தீட்டரைக் கவ்விக்கொள்ளும். பெண்களுக்கும், சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கும், பயந்திருப்பவர்களுக்கும், கேத்தீட்டரைப் பலமுறை மாற்றும்போதும் இது வரும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே சொல்லுங்கள். நைட்ரோகிளிசரினை மறுபடி கொடுத்து, தூக்க மருந்தும் வலிமருந்தும் தந்து, சில நிமிடம் காத்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இறுகிய நிலையில் பலமாக இழுத்தால் தமனி கிழியும். எதற்கும் மசியாத மிகச் சிலருக்கு முழு மயக்கம் கொடுத்தே கேத்தீட்டரை எடுக்க வேண்டியிருக்கும்.

கையில் தொடங்கிவிட்டுத் தொடைக்கு மாறினார்களே, தவறு நடந்ததா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரைவல் ஆய்விலேயே மணிக்கட்டில் தொடங்கியவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு வழி மாறியது. முழங்கைக்கு அருகே தமனி முழு வளையமாகச் சுற்றியிருக்கலாம். மேற்கையிலேயே பிரிந்து மெலிந்து வந்திருக்கலாம். வலது கழுத்தடித் தமனி வழக்கமான இடத்தில் கிளைக்காமல் மகாதமனி வளைவின் கடைசிக் கிளையாகப் பிரிந்து உணவுக்குழாயின் பின்னால் சுற்றி வந்திருக்கலாம். பிறவியிலேயே அமைந்த இந்த வேறுபாடுகள் வெளியிலிருந்து தெரியாது. கம்பி முட்டியதும் கொஞ்சம் சாயம் விட்டுப் பார்ப்பவர் வளையத்தைக் கண்டுகொள்வார். மெல்லிய கம்பி கொண்டோ, கேத்தீட்டர் முனையில் சிறு பலூனை நீட்டி முனை சுவரைச் சுரண்டாமல் செய்தோ தாண்ட முயல்வார். முடியாதென்றால் வழி மாற்றுவதே சரியான முடிவு. தொடையும் சவரம் செய்யப்பட்டுத் தயார்படுத்தப்படுவது இதனால்தான்.

கதிர்வீச்சு கூடுமா?

சற்றுக் கூடலாம். அனுபவம் கூடக்கூட அந்த வேறுபாடு குறைகிறது.

மணிக்கட்டில் கட்டும் காற்றுப் பட்டையை எப்போது கழற்றுவார்கள்?

ஷீத்தை உருவும்போதே துளையின் மேல் ஒளி ஊடுருவும் பட்டையைக் கட்டி, ஊசிக்குழலால் 13 முதல் 18 மி.லி. காற்று ஏற்றுவார்கள். ஷீத் வெளிவந்ததும் காற்றை மெல்ல மெல்ல விட்டு, துளையில் ரத்தம் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, 1 அல்லது 2 மி.லி. மட்டும் திரும்ப ஏற்றுவார்கள். ரத்தம் கசியவும் கூடாது, தமனிக்குள் ஓட்டம் நிற்கவும் கூடாது. அந்த நுண்ணிய இடைநிலையே குறி.

அதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனியை விரலால் அழுத்த வேண்டும். திரையில் அலை தொடர்ந்தால் ரேடியலில் ஓட்டம் இருக்கிறது. அலை படுத்துவிட்டால் பட்டை அதிக இறுக்கம்; இன்னும் கொஞ்சம் காற்றை விட வேண்டும். இரண்டு நிமிட வேலை. கூட்டமுள்ள வார்டில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2 அல்லது 3 மி.லி. எனக் காற்றைக் குறைப்பார்கள். கசிந்தால் மறுபடி அதே அளவு ஏற்றி அரை மணி நேரம் பொறுப்பார்கள். பரிசோதனை மட்டும் என்றால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கழன்றுவிடும்; ஸ்டென்ட் வைத்தவருக்குக் கூடுதல் நேரம் ஆகும். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ செவிலியரைக் கூப்பிடுங்கள். நீங்களோ உறவினரோ காற்றைத் திறந்துவிட வேண்டாம்.

ரேடியல் தமனி அடைபட்டுவிடும் என்கிறார்களே?

இந்த வழியில் அடிக்கடி வரும் சிக்கல் அதுதான். கவனமாகச் செய்யும் இடங்களில் 1 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. பட்டையை மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டிவைக்கும் இடங்களில் பல மடங்கு. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதால் யாரும் தேடுவதில்லை. ஆனால் அந்தத் தமனி மறுமுறை ஆஞ்சியோகிராமுக்கோ, பைபாஸுக்கோ, டயாலிசிஸுக்கோ உதவாமல் போகும்.

நாடி தட்டுப்படுகிறது என்பது மட்டும் போதாது. அல்நாரிலிருந்து வளைவு வழியாகப் பின்னோக்கி வரும் ரத்தமும் நாடியைத் துடிக்க வைக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டு அல்லது மேலே சொன்ன ஆக்சிமீட்டர் சோதனைதான் உறுதி சொல்லும். வீட்டுக்கு அனுப்பும்முன் கண்டுபிடித்தால் அல்நாரை ஒரு மணி நேரம் அழுத்திவைத்து, ரேடியலில் ஓட்டத்தைக் கூட்டி மறுபடி திறக்கச் செய்ய முடியும். வலியோடு பின்னர் வருபவருக்குச் சில வாரம் ஹெபாரின் வகை ஊசி தருவார்கள்.

முன்கை வீங்கி நீலமாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

துளையைச் சுற்றி நாணய அளவு கன்றிப்போவது சாதாரணம். பச்சை, மஞ்சள் என நிறம் மாறி இரண்டு வாரத்தில் மறையும். வீக்கம் மேலேறுவதுதான் ஆபத்து. பட்டை சரியாக இருந்தும் முன்கையின் நடுவில் வீங்கினால், கம்பி ஒரு சிறு கிளையைக் குத்தியிருக்கலாம். வீங்கிய இடத்தின் மேல் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டி அழுத்தி, இடையிடையே தளர்த்துவது முதல் வைத்தியம். முன்கை கல் போல் இறுகி, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல் என்றால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பும் தசையும் நசுங்குகின்றன. அறுவை சிகிச்சை நிபுணர் உடனே பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்தால் கை செயலிழக்கும்.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் 24 மணி நேரம் மணிக்கட்டை மடக்கி ஊன்றி எழுந்திருக்க வேண்டாம். நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழும் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். வண்டி ஓட்ட வேண்டாம். அடுத்த சில நாட்களுக்கு 2 கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்க வேண்டாம். துணி பிழிவதும் மாவு பிசைவதும் இந்தக் கணக்கில் சேரும். மறுநாள் கட்டை எடுத்துவிட்டுக் குளிக்கலாம். கையைத் தண்ணீரில் ஊறப்போடுவதை ஐந்தாறு நாள் தள்ளிப்போடுங்கள். விரல்களை அசைப்பதில் தடையில்லை, அசைப்பது நல்லதும்கூட. கட்டைவிரலின் பின்புறம் லேசாக மரத்திருந்தால் அங்கே ஓடும் சிறு நரம்பு உரசியதால் இருக்கும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும்.

காய்ச்சல், சீழ், துளைமேல் துடிக்கும் கட்டி, கை குளிர்ந்து வெளுத்தல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால், கையில் கன்றியிருக்கிறது என்பதற்காக ஆஸ்பிரினையும் அதனுடன் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டு உயிருக்கே உலை வைக்கும்.

வீட்டில் ரத்தம் வந்தால்?

உட்காருங்கள். மறுகையின் இரண்டு விரலால் துளையின் மேலும் அதற்குச் சற்று மேலேயும் சேர்த்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். 10 நிமிடம் விடாமல். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதால்தான் மறுபடி கசிகிறது. துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதால் பயனில்லை: அழுத்தம் பரவிவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. 10 நிமிடத்தில் நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ அழுத்தியபடியே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கைப்புறத்தில், கட்டைவிரல் குழியில் போடுகிறார்களே, அது என்ன?

கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், புறங்கையில் ஒரு பள்ளம் தெரியும். அங்கே ரேடியல் தமனியின் கடைக்கிளை ஓடுகிறது. கீமெனேய் 2017இல் இதை இடது கைக்குப் பரிந்துரைத்த பிறகு பரவியது. உள்ளங்கைக்குப் போகும் ஒரு கிளை அதற்கு முன்பே பிரிந்துவிடுவதால், துளையிட்ட இடம் அடைந்தாலும் முன்கையில் ஓட்டம் தொடர வாய்ப்பு உண்டு. பட்டையும் சீக்கிரம் கழன்றுவிடும். ஆனால் தமனி அங்கே இன்னும் மெல்லியது. துளையிட நேரமும் பழக்கமும் கூடுதலாக வேண்டும். 1,300க்கும் மேற்பட்டோரை வைத்து 2022இல் வெளியான டிஸ்கோ ரேடியல் ஆய்வில், பட்டையைச் சரியான இறுக்கத்தில் கட்டிய இரண்டு முறைகளிலுமே அடைப்பு 1 சதவீதத்துக்கும் கீழ்தான். மணிக்கட்டிலேயே ஒழுங்காகச் செய்தால் பெரிய வேறுபாடு இல்லை.

அதே கையில் மறுபடி செய்யலாமா?

ஓட்டம் இருந்தால் செய்யலாம். ஒவ்வொரு முறையும் தமனிச் சுவர் கொஞ்சம் தடிப்பதால் மூன்றாவது, நான்காவது முறை சிரமம் கூடும். ரத்த அழுத்தம் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் முதல் நாள் மறு கையில் இருக்கட்டும், பிறகு எந்தக் கையானாலும் சரி. பின்னால் பைபாஸ் தேவைப்பட்டால், எந்த ரேடியலில் துளையிட்டார்கள் என்பதை அறுவை நிபுணரிடம் சொல்லுங்கள். துளைபட்ட தமனியைப் பைபாஸ் குழாயாக எடுக்க அவர் பொதுவாக விரும்பமாட்டார்.